கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

"செஞ்சிக்கே நீ தனியாப் போனதில்ல. ஜெர்மனிக்கு எப்படிம்மா போவ?"

அப்பா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். டீப்பாய்மேல் என்னுடைய எக்ஸ்சேஞ்ச் விண்ணப்பம் கிடந்தது. அதில் பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய கட்டம் மட்டும் காலி.

நடந்தது போன ஆகஸ்ட். நம்ம காலேஜ் எக்ஸ்சேஞ்ச் பற்றித் தெரியாத ஜூனியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படிக்கலாம். அங்கே எடுக்கிற கிரெடிட்டை இங்கே சேர்த்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் அதற்கு ஈசிடிஎஸ் என்று பெயர், ஒரு செமஸ்டருக்கு 30. எந்தப் பாடத்துக்குப் பதில் எந்தப் பாடம் என்பதைப் போவதற்கு முன்பே இரண்டு பக்கமும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். உதவித்தொகையும் உண்டு, தேர்வானால். துறைத்தலைவர் கையெழுத்து வாங்கிவிட்டேன், மார்க் ஷீட் ரெடி, பாஸ்போர்ட்டும் ரெடி. எல்லாவற்றையும் தாண்டிவந்து வீட்டு ஹாலில் மாட்டிக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். 24 வருஷ சர்வீஸ். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் அது உண்மை.

"ஹாஸ்டலுக்கு ரெண்டு வருஷமா தனியாத்தானே போய்வர்றேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சென்னைக்குப் போகிற விதம் இதுதான்: அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த கண்டக்டர் வண்டியாகப் பார்த்து, டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் உட்கார வைப்பார். "நம்ம பொண்ணு, பார்த்துக்கோ" என்பார். வழியில் டீக்கு நிறுத்தினால் அந்த அண்ணன் "தண்ணி வேணுமாம்மா?" என்று வந்து கேட்பார். கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் அப்பாவுக்கு போன் போய்விடும், என் போனிலிருந்து அல்ல. பஸ்ஸில் பார்சல் போடுவார்களே, அது மாதிரி. பார்சல் 190 கிலோமீட்டர் போகிறது என்பதற்காக அது பயணம் செய்தது என்று சொல்ல முடியுமா?

அந்த வாரக் கடைசியில் விண்ணப்பத்தைக் கையெழுத்தில்லாமல் பையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். கடைசித் தேதி அக்டோபர் 31.

*

எக்ஸ்சேஞ்சில் நாம் போகிற மாதிரி, அங்கிருந்தும் இங்கே வருகிறார்கள். போன செமஸ்டர் எங்கள் டிபார்ட்மென்டுக்கு ஒருத்தி வந்தாள். தென் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்க்காரி. பின்னால் எங்கள் அம்மா அவளைப் "பாப்பா" என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. இங்கேயும் அவள் பாப்பாவாகவே இருக்கட்டும்.

பாப்பாவுக்கு ஒரு பழக்கம். சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பக்கத்து ஊருக்குப் போய்விடுவாள். தூரமாகப் போகமாட்டாள். ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர். ஜெர்மனியில் 2023 மே மாதத்திலிருந்து ஒரு மாதாந்திர டிக்கெட் இருக்கிறது. முதலில் 49 யூரோ, 2025-ல் 58 யூரோ. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், மெதுவாக எல்லா ஊரிலும் நின்று போகிற ரயில் எதிலும் ஏறலாம். அதிவேக ரயிலில் மட்டும் ஏற முடியாது. "அதனாலதான் எங்க ஊர் பசங்களுக்குச் சின்ன ஊருங்க தெரியும். வேகமா போற ரயில் அங்க நிக்காது" என்றாள்.

இங்கே வந்து ஒரு மாதத்தில் மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருத்தணி எல்லாம் முடித்துவிட்டாள். ஒருநாள் மெஸ்ஸில் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"உங்க ஊர்ல என்ன இருக்கு?"

இதற்கு எனக்கு மனப்பாடமாகப் பதில் தெரியும். அண்ணாமலையார் கோயில், 25 ஏக்கர். ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆரம்பித்தது. மலையைச் சுற்றிக் கிரிவலம் 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபம். ரமணாசிரமம்.

"சரி. அதைச் சுத்தி?"

"சுத்தி கிரிவலப் பாதை."

"இல்ல, உங்க ஊரைச் சுத்தி. பக்கத்துல என்னென்ன ஊர்?"

செஞ்சி, போளூர், ஆரணி, திருக்கோவிலூர், சாத்தனூர் என்று பேர்களை அடுக்கினேன். "அங்கெல்லாம் என்ன இருக்கும்?" என்றாள். சாத்தனூர் அணைக்கு ஸ்கூலில் டூர் கூட்டிப்போனார்கள், முதலைப் பண்ணை பார்த்தோம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் எனக்கு பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயர்கள். 20 வருஷமாக அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே வளர்ந்திருக்கிறேன். ஒன்றிலும் ஏறியதில்லை.

"எனக்குத் தெரியாது. எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்றேன்.

*

செப்டம்பர் முதல் வாரம் சனிக்கிழமை அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆட்டோ அண்ணன்கள் "ஆஷ்ரமம்? ஆஷ்ரமம்?" என்று சுற்றிக்கொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. 1934-ல் பால் பிரண்டன் ரமணரைப் பற்றி எழுதிய புத்தகம் வெளியானதிலிருந்தே எங்கள் ஊருக்கு வெள்ளைக்காரர்கள் வருவது வழக்கமாகிவிட்டது. பாப்பா மட்டும் நின்று, தமிழில், தெளிவாகச் சொன்னாள்: "ஆஷ்ரமம் இல்ல. செஞ்சி. கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

அதுதான் அவள் முதலில் கற்றுக்கொண்ட முழுத் தமிழ் வாக்கியம். வணக்கம், நன்றி எல்லாம் அப்புறம். எந்த ஊருக்குப் போனாலும் இறங்கிய உடனே திரும்பி வருகிற கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவிட வேண்டும் என்பது அவள் வைத்திருக்கும் விதி. அது தெரிந்துவிட்டால் நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் வழி தவறலாமாம்.

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு சின்ன ரூம். திருக்கோவிலூரில் மூன்று ஆழ்வார்கள் சந்தித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்கு ஒதுங்கிய இடைகழியில் ஒருத்தர் படுக்கலாம், இரண்டு பேர் உட்காரலாம், மூன்று பேர் வந்தால் நிற்கலாம். அன்றைக்கு எங்கள் வீடும் அப்படித்தான். அம்மாவும் நானும் பாப்பாவும் ரூமில், அப்பா ஹாலில், தம்பி மொட்டை மாடியில்.

எனக்கு ஒரே கவலை, அப்பா அவளிடம் எப்படிப் பேசுவார் என்று. வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். பகலெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை போயிருக்கும். அன்று ராத்திரி பாப்பா நோட்டையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் நோட்டில் எழுதவில்லை. காலண்டரில் கிழித்த தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நடுவில் ஒரு முக்கோணம் வரைந்தார். அதுதான் மலை. அதிலிருந்து கோடுகள். கிழக்கே செஞ்சி, 40 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தெற்கே திருக்கோவிலூர், ஏறக்குறைய அதே தூரம். வடக்கே போளூர், அதைத் தாண்டி ஆரணி, பட்டு நெசவு. தென்மேற்கே சாத்தனூர், தென்பெண்ணை அணை, 1958-ல் கட்டியது, 119 அடி. எந்த ஊரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், எங்கே டீ நன்றாக இருக்கும், எங்கே குரங்குத் தொல்லை, எந்த ஸ்டாப்பில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று சொல்லிக்கொண்டே போனார். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள்.

என் அப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

*

மறுநாள் செஞ்சி. அப்பா சொன்னபடி ஊருக்குள் போகாமல், கண்டக்டரிடம் "கோட்டை" என்று சொல்லி முன்னாலேயே இறங்கிவிட்டோம். திருவண்ணாமலை ரோடு கிருஷ்ணகிரிக்கும் ராஜகிரிக்கும் நடுவேதான் போகிறது. டிக்கெட் கவுண்டரில் அவளுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை. அவள் கண்டுகொள்ளவில்லை, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகள் 12 சேர்ந்ததே, அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை வெளியே முற்றுகை போட்டது. எட்டு வருஷம்! நம்ம டிகிரியைப் போல இரண்டு மடங்கு. கல்யாண மகால், களஞ்சியம் எல்லாம் பார்த்துவிட்டு ராஜகிரி ஏறினோம். உச்சிக்குப் போகும் இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, நடுவில் ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் யாரும் மேலே வர முடியாது. தேசிங்கு ராஜன் கதையை அவளுக்குச் சொன்னேன். 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துப் போய்ச் செத்துப்போன சின்ன வயசு ராஜா. அந்தக் கதைகூட அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேலே நின்று பார்த்தபோது சுற்றிலும் ஊர் ஊராக, ஏரி ஏரியாகத் தெரிந்தது. இதெல்லாம் இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கிறது. நான்தான் இறங்கியதில்லை.

இறங்கும்போது மணி நாலு. கோட்டை ஸ்டாப்பில் வந்து நின்றோம். ஒரு பஸ் நிற்காமல் போனது. அடுத்ததும் நிற்கவில்லை. படியில் தொங்குகிற அளவுக்குக் கூட்டம். நாலாவது பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு செப்டம்பர் 7. பௌர்ணமி! கிரிவலக் கூட்டம். சென்னை, திண்டிவனம் பக்கமிருந்து வருகிற எல்லா வண்டியும் நிரம்பித்தான் வரும். இதைத் தெரிந்துகொள்ள ஜெர்மன்காரி வேண்டாம், அண்ணாமலைக்காரி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பௌர்ணமி தவறாமல் அப்பா ஸ்பெஷல் டியூட்டிக்குப் போவதை வாழ்நாள் பூராவும் பார்த்தவள் நான். கிளம்பும் முன் காலண்டரைப் பார்க்கவில்லை. அப்பாவும் பின்பக்கத்தில் மேப் வரைந்தாரே தவிர முன்பக்கத்தைப் பார்க்கவில்லை.

என் போன் செத்துப்போயிருந்தது. பாப்பா போனில் சிக்னல் இருந்தது, ஆனால் அம்மா நம்பர் எனக்கு மனப்பாடமில்லை. இதைப் படிக்கிறவர்கள் இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, வீட்டு நம்பரைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கேயும் கூட்டம். நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். பாப்பா ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டீ சொன்னாள். பிறகு, அங்கே காத்திருந்தவர்களில் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட ஒரு அம்மாவாகப் பார்த்துப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "எந்த நாட்டிலும் இது வேலை செய்யும்" என்றாள். அந்த அம்மாதான் எங்கள் இருவரையும் கையைப் பிடித்து, கூட்டத்துக்குள் இடித்துத் தள்ளி ஒரு வண்டியில் ஏற்றினார். நின்றுகொண்டே வந்தோம்.

ஊரில் இறங்கும்போது ராத்திரி பத்து தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு அன்று சந்திர கிரகணம். மேகத்துக்கு நடுவில் நிலாவின் ஒரு ஓரம் கறுக்க ஆரம்பித்திருந்தது. பாப்பா ரோட்டில் நின்று அதைப் போட்டோ எடுத்தாள். "கிரகண நேரத்துல பொண்ணுங்க ரெண்டும் தெருவுல நிக்குது" என்று அம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். அப்பா டியூட்டியில் இருந்தார். அம்மா அவருக்குப் பதினோரு தடவை போன் செய்திருக்கிறார். கிரிவலக் கூட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே அப்பா செஞ்சி வழியில் வருகிற ஒவ்வொரு கண்டக்டருக்கும் போன் செய்து கேட்டிருக்கிறார்.

காலையில் வந்தவர் பாப்பாவிடம் "சாப்டியாம்மா?" என்று கேட்டார். என்னிடம் பேசவில்லை. விண்ணப்பத்தைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பீரியடும் போனது.

*

சென்னைக்குத் திரும்பும் வழியில் பாப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னாள். பன்னிரண்டு வயசில் அவளைத் தனியாக ரயிலில் ஏற்றிப் பக்கத்து ஊரில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்களாம். மூன்றாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டியவள் நாலாவதில் இறங்கிவிட்டாள். பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். எதிர்ப்பக்க ரயில் வந்ததும் ஏறித் திரும்பி வந்தாள். "நான் இந்தியா வர்றதுக்குப் பழகினது அந்த ஸ்டேஷன்லதான்" என்றாள்.

அப்பா கேட்டதும் ஏறக்குறைய இதேதான் என்று எனக்குத் தோன்றியது. செஞ்சிக்கே போகாதவள் ஜெர்மனிக்கு எப்படிப் போவாள்? அந்தக் கேள்வியை நான் இத்தனை நாளும் "முடியாது" என்று சொல்வதாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிஜமாகவே கேள்விதானோ என்னவோ.

தீபாவளி லீவில் வீட்டுக்குப் போனதும் அப்பா எதிரில் போய் உட்கார்ந்தேன். ரமணர் கதையை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த 16 வயசுப் பையன். அண்ணனுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ் 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினார். கையில் பழைய அட்லஸ் பார்த்த ஞாபகம்தான் வழிகாட்டி. அதில் அண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று இருந்ததால் அங்கே டிக்கெட் எடுத்தார். விழுப்புரத்திலிருந்து நேராக அண்ணாமலைக்கே ரயில் வந்துவிட்டது அந்த அட்லஸுக்குத் தெரியாது. ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. அரையணிநல்லூர், கீழூர். கையில் காசில்லாமல் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1 காலையில் அண்ணாமலை வந்து சேர்ந்தார்.

"பழைய மேப்பை வெச்சிக்கினு, வழியில கேட்டுக் கேட்டு வந்தாருப்பா. 16 வயசு. எனக்கு 20."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார். "அவர் திரும்பிப் போனாரா?"

நான் முழித்தேன்.

"54 வருஷம் இங்கதான் இருந்தாரு. அவங்கம்மா வந்து கூப்ட்டாங்க, போகல. கடைசில அந்தம்மாதான் இங்க வந்துச்சு."

பஸ், செஞ்சி, தனியாகப் போவது எல்லாம் ஒரு பக்கம். அப்பா பயந்தது இதற்குத்தான். எங்கள் தெருவிலேயே படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் மூன்று பேர். அவர்கள் வீட்டு வாசலில் சாயந்திரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை அப்பா தினமும் கடந்துதான் வருகிறார்.

"நான் ஒரு நாளைக்கு நாலு ட்ரிப் அடிக்கிறேன்" என்றார். "போற வண்டி திரும்பி வரணும், அதுதான் என் வேலை. உன் வண்டிக்கு ரிட்டர்ன் ட்ரிப் இருக்கா?"

"இருக்குப்பா. ஒரு செமஸ்டர்தான். மிச்ச செமஸ்டர் இங்கதான் எழுதணும், இல்லன்னா டிகிரியே கிடையாது."

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாத ஒன்றுக்கு எப்படி வாக்குக் கொடுப்பது? "திருக்கோவிலூர் போய்ட்டு வா" என்றார். "தனியா. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நீயும் என் பேரைச் சொல்லாத. ஆறு மணிக்குள்ள வந்துடு."

*

மறுநாளே கிளம்பினேன். கிளம்பும் முன் காலண்டர் பார்த்தேன். அப்பா நம்பர், அம்மா நம்பர் இரண்டையும் மனப்பாடம் செய்தேன். பவர் பேங்க் எடுத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் நண்பர் ஒருவர் வண்டி நின்றது. பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறினேன். "எங்கம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். கண்டக்டர் மகளுக்கு டிக்கெட் எடுக்கும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா?

திருக்கோவிலூரில் இறங்கியதும் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். கடைசி பஸ் எத்தனை மணிக்கு? "இன்னா இப்பதான் வந்த, அதுக்குள்ள போற வண்டியைக் கேக்குற?" என்று சிரித்தார். ராத்திரி வரைக்கும் வண்டி இருக்கிறது என்றார். அதற்கப்புறம் நெஞ்சு கொஞ்சம் இறங்கியது.

உலகளந்த பெருமாள் கோயிலில் பெருமாள் ஒரு காலைத் தூக்கி நிற்கிறார், மற்ற கோயில்களுக்கு மாறாக வலது கையில் சங்கு, இடது கையில் சக்கரம். அவர் மூன்றடியில் உலகத்தை அளந்தவர். நான் அன்றைக்கு அளந்தது 36 கிலோமீட்டர். பிறகு தென்பெண்ணைக் கரை. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணை திறந்து இந்தக் கரையெல்லாம் வெள்ளம் போனதை ஹாஸ்டலில் உட்கார்ந்து போனில் பார்த்திருக்கிறேன். நேரில் ஆறு அமைதியாக இருந்தது. ஆற்றுக்குள்ளே ஒரு பாறை, அதன்மேல் சின்னக் கோயில். கபிலர் குன்று. நண்பன் பாரி செத்த பிறகு அவன் பெண்கள் இரண்டு பேரையும் பறம்பு மலையிலிருந்து கூட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, அவர்களைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம் என்று சொல்கிறார்கள். பத்தாவதில் பத்து மார்க்குக்குப் படித்த கதை. அந்தப் பெண்களுக்கு அந்த வழியெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யோசித்ததில்லை. அக்கரையில் அறகண்டநல்லூர், ரமணர் நடந்து வந்த அரையணிநல்லூர் அதுதான். பாறைமேல் கோயில். படியேறிப் போய் வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. யார் பெண்ணும் இல்லாமல், சும்மா ஒரு ஆளாக நான் ஒரு ஊரில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நாலரைக்கு பஸ் ஏறினேன். நெற்றியில் திருவண்ணாமலை என்று பார்த்ததும் ஓடி ஏறிவிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்து சீட் பாட்டி சொன்னார், "இது மணலூர்பேட்டை சுத்திக்கினு போவும் கண்ணு." அதாவது எல்லா ஊரிலும் நின்று நின்று போகும். நேரம் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்குள் போக முடியாது. அழுகை வரவில்லை. ஐந்தரைக்கே அப்பாவுக்கு போன் செய்தேன். "அப்பா, சுத்திப் போற வண்டியில ஏறிட்டேன். ஏழு ஆகும்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

ஆறே முக்காலுக்கு இறங்கினேன். அப்பா பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று கேட்கவில்லை. டீக்கடைக்காரர், "அஞ்சு மணியில இருந்து உக்காந்துகினு கீறாரு" என்று அவராகவே சொன்னார். அப்பா அவரை முறைத்தார்.

இரண்டு டீ. குடிக்கும்போது கேட்டார். "டிக்கெட் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பின்னால் பேனாவில் ஒரு எண் வட்டமிட்டு எழுதியிருந்தது. நூறு ரூபாய் கொடுத்திருந்தேன், சில்லறை இல்லையென்று பாக்கியை எழுதிக் கொடுத்திருந்தார் கண்டக்டர்.

"பாக்கி வாங்கினியா?"

மறந்தே போய்விட்டேன். இறங்கிய வேகத்தில் வந்துவிட்டேன். அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. லேட்டாக வந்ததற்கு வராத கோபம். "கேட்டு வாங்கணும்மா! கண்டக்டருக்கு ஆயிரம் ஞாபகம் இருக்கும், உனக்கு ஒண்ணுதானே? எந்த ஊருக்குப் போனாலும் உனக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்கத் தெரியணும்."

அன்று ராத்திரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். போடும்போது தலை நிமிராமலே கேட்டார்.

"அங்க பஸ்ல கண்டக்டர் உண்டா?"

"இல்லப்பா. டிரைவர் மட்டும்தான்."

"அப்ப வழி தெரியலன்னா யாரைக் கேப்ப?"

"அம்பது வயசுக்கு மேல ஒரு அம்மாவைப் பார்த்து..."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துக்குக் கீழே தேதியைப் போட்டுப் பேனாவை மூடினார்.

*

பாப்பா டிசம்பரில் கிளம்பிவிட்டாள். அப்பா வரைந்த காலண்டர் மேப்பை மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அதில் ஆரணியும் போளூரும் இன்னும் பாக்கி, அதை நான் முடிக்க வேண்டுமாம். ஆரணி போன வாரம் போய்விட்டு வந்தேன். எக்ஸ்சேஞ்ச் முடிவு இன்னும் வரவில்லை. கிடைத்தால் சொல்கிறேன், கிடைக்காவிட்டாலும் சொல்கிறேன்.

இதை எழுதியதற்கு ஒரே காரணம்தான். விண்ணப்பம் போடப் போகிற ஜூனியர்கள் என்னிடம் ஐஇஎல்டிஎஸ் எப்போது எழுத வேண்டும், ஜிபிஏ எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார்கள். அதெல்லாம் இன்டர்நேஷனல் ஆபீஸில் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. உங்கள் ஊரைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் எத்தனை ஊர் உங்களுக்குத் தெரியும்? வருகிற சனிக்கிழமை ஒன்றில் இறங்கிப் பாருங்கள், தனியாக. கடைசி பஸ்ஸைக் கேட்டுவிட்டு. அப்படியே பாக்கிச் சில்லறையையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.